குமரி மாவட்டத்துக்கு ஓர் இருட்டறை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பரீட்சார்த்த சினிமா பற்றி, அதாவது வழக்கமான கதை சொல்லலை விட்டுவிட்டு சினிமாவின் வடிவத்திலேயே சோதனை செய்து பார்க்கிற படங்களைப் பற்றி, உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படி ஒரு விஷயத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் இந்தப் படங்களெல்லாம் இப்போது செல்போனிலேயே கிடைக்கின்றன, ஊர் தூரம் என்ற தடையெல்லாம் போய்விட்டது என்று கட்டுரை முடிந்திருந்தது. அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் மார்த்தாண்டம் பக்கத்தில் சினிமா ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படப்பெட்டி எங்கே கிளம்புகிறது, யார் யார் கை மாறுகிறது, எந்தத் திரையில் போய் விழுகிறது என்று பார்த்தே வாழ்நாள் போனது. தடை இருக்கிறது. அதைப் பற்றியும், இந்தப் படங்களைக் காட்ட எங்கள் மாவட்டத்தில் ஓர் இருட்டறை ஏன் வேண்டும் என்பது பற்றியும்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எங்கள் காலத்தில் விநியோகஸ்தர்கள் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்து வைத்திருந்தார்கள். திருநெல்வேலியும் கன்னியாகுமரியும் சேர்ந்து டி.கே. ஏரியா. பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்த பிறகுதான் பெட்டி எங்கள் பக்கம் வரும். கீறலும் ஒட்டுமாக இருக்கும், ஆனாலும் வந்து சேரும். ஒரே பிரிண்டை இரண்டு கொட்டகைகள் பங்கு போட்டு ஓட்டுகிற நாட்களில் ஒரு பையன் சைக்கிள் கேரியரில் ரீலைக் கட்டிக்கொண்டு அங்கும் இங்கும் பறப்பான். இங்கே ஓடுகிற ரீல் முடிவதற்குள் அடுத்த ரீலோடு அவன் வந்தாக வேண்டும். கருங்கல், குலசேகரம், அருமனை என்று எந்த மூலையில் இருந்தவனுக்கும் படம் போய்ச் சேர ஒரு வழி இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்தப் பெட்டியோடு இன்னொரு சின்னப் பெட்டியும் வரும். ஜனங்கள் நியூஸ் ரீல் என்று சொல்வார்கள். 1948இல் மத்திய அரசு தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப்படமோ குறும்படமோ அதில் இருக்கும். சட்டப்படி ஒவ்வொரு காட்சியிலும் மெயின் படத்துக்கு முன்னால் அதை ஓட்டியாக வேண்டும். வசூலில் ஒரு சதவீதம் வரை தியேட்டர்காரர் அதற்கு வாடகையும் கட்ட வேண்டும். பல பேருக்கு அது கடலை வாங்குகிற நேரம், பீடி பற்றவைக்கிற நேரம். அணைக்கட்டு, தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு என்று வரும். ஆனால் எப்போதாவது ஒன்று வேறு மாதிரி வரும். வர்ணனைக் குரல் இருக்காது. சத்தமும் இசையும் வேகவேகமாக வெட்டி ஒட்டிய பிம்பங்களும் மட்டும் ஓடும். பெஞ்சு டிக்கெட்டில் சலசலப்பு நின்றுவிடும். ஆபரேட்டர் அறையின் சின்னத் துவாரம் வழியாக அதைக் கவனித்திருக்கிறேன். பிடித்ததா, திகைத்துப் போனார்களா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பார்த்தார்கள், அவ்வளவு தெரியும்.

அறுபதுகளின் பிற்பாதியில் பிலிம்ஸ் டிவிஷனுக்கு உள்ளேயே துணிச்சலான ஒரு கூட்டம் இருந்தது என்று விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிற என் பேத்தி வாசித்துச் சொன்னாள். பிரமோத் பதி, எஸ்.என்.எஸ். சாஸ்திரி எல்லாம் அந்தக் கூட்டம். ஓவியர் எம்.எஃப். ஹுசேனையே படம் எடுக்க வைத்தார்கள், அது 1967இல் பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி வாங்கியது. 1970இல் இன்னொரு ஓவியர் தையப் மேத்தா எடுத்த 'கூடல்' படமும் அங்கேதான் பிறந்தது. பதி 1968இல் எடுத்த 'எக்ஸ்ப்ளோரர்' படத்தைப் பேத்தி லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். கதை கிடையாது, வசனம் கிடையாது, கண்ணை இமைக்க விடாத படம். ஓடி முடிந்ததும், "பாட்டா, இது தியேட்டர்ல எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டாள். அதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை, ஓட்டித்தான் காட்ட வேண்டும்.

அப்படிப்பட்ட படம் எல்லாம் எல்லா ஊருக்கும் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வருவதற்கு ஒரு பாதை போட்டு வைத்திருந்தார்கள் என்கிறேன். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே மாதிரிப் படம் எடுத்தவர்கள் ஐம்பது பேர் உட்காரும் அறை கிடைக்காதா என்று தவித்த காலத்தில், இங்கே அரசாங்கம் அவற்றைச் சாதாரண சினிமா ரசிகனின் கண் முன்னால் கொண்டுபோய் வைக்கிற ஏற்பாட்டையே கையில் வைத்திருந்தது.

இப்போது அந்தப் பாதை இல்லை. ரீல் போய் டிஜிட்டல் வந்தது. படம் ஹார்டு டிஸ்க்கிலோ சாட்டிலைட்டிலோ வருகிறது, அதைத் திறக்க ஒரு கணினிச் சாவி தனியாக வருகிறது. இன்ன தியேட்டர், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று அதிலேயே பூட்டு உண்டு. வியாபாரப் படத்துக்கு அது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தியேட்டர்களில் பிலிம் ஓட்டிய 35 எம்.எம். புரொஜெக்டர்களை எடைக்குப் போட்டார்கள். கொட்டகைகள் கல்யாண மண்டபமாயின. பிலிம்ஸ் டிவிஷன் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. அது எடுத்த 8,000க்கும் மேற்பட்ட படங்களில் ஒரு பகுதி யூடியூபில் இருக்கிறது. இருப்பது நல்லது. இல்லாவிட்டால் என் பேத்திக்குப் பதியின் பெயரே தெரிந்திருக்காது.

ஆனால் எல்லாவற்றையும் செல்போனில் அடக்க முடியாது. அதிலும் விரிந்த சினிமா என்று ஒரு வகை இருக்கிறது. திரை, நாற்காலி, ஒரு புரொஜெக்டர் என்ற ஏற்பாட்டையே மாற்றிப் போட்ட கலை அது. பல புரொஜெக்டர்களை ஒன்றாக ஓட்டுவார்கள், குவிமாடத்தின் உட்பக்கம் முழுக்கப் படம் காட்டுவார்கள், படைப்பாளியே திரைக்கு முன்னால் நின்று நிழலோடு வேலை செய்வார். ஜீன் யங்பிளட் என்பவர் 1970இல் இதைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குப் பிறகு அந்தப் பெயர் நிலைத்தது.

ஆண்டனி மெக்கால் என்ற கலைஞர் 1973இல் செய்த ஒரு படைப்பை மட்டும் சொல்கிறேன். 'லைன் டிஸ்கிரைபிங் எ கோன்' என்று பெயர், தியேட்டர் பிலிமைவிட அகலம் குறைந்த 16 எம்.எம். பிலிம், முப்பது நிமிடம். கறுப்புப் பரப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி மெல்ல நகர்ந்து வட்டம் போடுகிறது. அவ்வளவுதான் பிலிமில் இருப்பது. ஆனால் பார்க்க வேண்டியது திரையை அல்ல. திரும்பி நின்று புரொஜெக்டரிலிருந்து வருகிற ஒளியைப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு கோடு. அது வளைந்த தகடு போல விரிந்து, கடைசியில் அறையின் நீளத்துக்கு ஒளியால் ஆன ஒரு முழுக் கூம்பாக நிற்கும். பார்க்க வந்தவர்கள் அதற்குள் நடக்கலாம், கை விட்டுப் பார்க்கலாம். நியூயார்க்கின் பழைய மாடிக் கிடங்குகளில் காட்டியபோது தூசியும் சிகரெட் புகையும் ஒளிக்கு உடம்பு கொடுத்தன. பிற்பாடு காற்றுச் சுத்தமாக இருந்த காட்சிக்கூடம் ஒன்றில் காட்டினால், கூம்பு கண்ணுக்கே தெரியவில்லை. பனிமூட்டம் உண்டாக்கும் இயந்திரங்கள் வந்த பிறகுதான் அந்த வேலை மறுபடி உயிர் பெற்றது.

பேத்தி இதை வாசித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. பீடிப் புகையில் அந்த ஒளிக்கற்றை எப்படித் திரண்டு நிற்கும் என்பதைத் தினமும் பார்த்தவன் நான். புரொஜெக்டருக்குள் எரிந்து வெளிச்சம் தருகிற கார்பன் குச்சிகளின் இடைவெளி கொஞ்சம் கூடினாலும் கற்றை மங்கும், கையால் சரி செய்வோம். எங்களுக்கு அது வேலையின் ஒரு பகுதி. அதையே ஒருவர் கலையாகக் கண்டார் என்று கேட்டபோது, நாங்கள் பார்த்து நின்றது வீண் இல்லை என்று தோன்றியது.

அதே 1973இல் லண்டனில் அன்னபெல் நிக்கல்சன் என்ற பெண் 'ரீல் டைம்' என்று ஒன்று செய்திருக்கிறார். ஒரு பிலிம் சுருள் புரொஜெக்டர் வழியாக ஓடி, பக்கத்தில் அவர் உட்கார்ந்து ஓட்டுகிற தையல் மெஷின் வழியாகவும் போகும். நூல் கோக்காத ஊசி பிலிமில் ஓட்டை போட்டுக்கொண்டே இருக்கும். சுற்றுக்குச் சுற்று ஓட்டை கூடி, திரையில் வெளிச்சம் பீறிட்டு, கடைசியில் பிலிம் அறுந்தால் நிகழ்ச்சி முடிந்தது. ஆபரேட்டருக்குப் பிலிம் அறுவதைவிடப் பெரிய பயம் கிடையாது. என் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். இதைக் கேட்டுவிட்டு, இதை இங்கே செய்தால் தானும் பார்க்க வருவேன் என்றாள். இந்தக் கலைக்கு எங்கள் ஊரில் ஆளில்லை என்று யாரும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

சரி, இவற்றை எப்படி வரவழைப்பது? அதற்கும் உலகத்தில் ஒரு முறை இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பரீட்சார்த்தப் படங்கள் எடுத்த ஜோனாஸ் மேக்காஸும் அவருடைய தோழர்களும் படைப்பாளிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை உண்டாக்கினார்கள். மார்த்தாண்டத்தில் தேன் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். படம் எடுத்தவர் பிரதியைச் சங்கத்தில் கொண்டுவந்து வைப்பார். இது நல்ல படம், இது மட்டம் என்று சங்கம் பிரிக்காது. கேட்கிறவர்களுக்கு வாடகைக்கு அனுப்பும், வாடகையில் சங்கத்தின் பங்கு போக மீதி படைப்பாளிக்கு. பின்னாலேயே சான் பிரான்சிஸ்கோ பக்கம் கேன்யன் சினிமா, 1966இல் லண்டன் கூட்டுறவு, 1982இல் பாரிஸில் லைட் கோன் என்று வந்தன. லண்டன் சங்கத்தின் சேமிப்பு இப்போது லக்ஸ் என்ற அமைப்பிடம் இருக்கிறது. அட்டவணையைப் பார்த்துப் படத்தைக் கேட்கலாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

பேத்தியும் அவளுடைய நண்பர்களும் கேட்டுப் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து அன்பாகப் பதில் வந்தது. புரொஜெக்டர் கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, ஓட்டப்போகிறவர் யார், அவருக்கு 16 எம்.எம். அனுபவம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்விகள் என் தொழிலுக்குக் கிடைத்த மரியாதை. ஆனால் வாடகை, போக வர கூரியர், சுங்கம் எல்லாம் சேர்ந்தால் முப்பது மாணவர்களிடம் பிரித்துக் கட்டுகிற தொகை இல்லை. அதற்கு மேல், தணிக்கைச் சான்று இல்லாத வெளிநாட்டுப் படத்தைப் பொதுவில் காட்ட விதிவிலக்கு வாங்க வேண்டும். பெரிய விழாக்கள் அதை வாங்கிவிடும், கல்லூரிப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? நம் நாட்டிலேயே ஓர் அலுவலகத்துக்கு எழுதியதற்கு, அமைப்பின் பதிவு எண் என்ன, அரங்கின் உரிம எண் என்ன என்று ஒரு வரி வந்தது. விவரம் அனுப்பிய பிறகு ஒன்றும் வரவில்லை. இன்னொரு பக்கம், கலைக்கூடங்கள் வழியாக விற்கப்படும் வீடியோ படைப்புகளுக்கு மூன்றோ ஐந்தோ பிரதிகள் மட்டும் போடுகிற வழக்கம் இருக்கிறது. வாங்கியவர் காட்டினால்தான் உண்டு.

பிரதி குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி. மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் கொண்டாடுகிற ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்தில் வாழ்ந்து 1975இல் இறந்தவர். அவர் சொத்தை விற்று எடுத்த 'விகதகுமாரன்' படத்தின் பிரதி இன்று இல்லை. அதில் நடித்ததற்காக ஊரைவிட்டே விரட்டப்பட்ட தலித் பெண் பி.கே. ரோசியைத் திரையில் பார்க்க நமக்கு வழியே கிடையாது. ஆனால் டேனியலின் உறவினர் சுந்தர்ராஜ் தயாரித்து 1933இல் வெளிவந்த 'மார்த்தாண்ட வர்மா' மௌனப்படம் இருக்கிறது. எந்த நாவலை வைத்து எடுத்தார்களோ அதன் பதிப்பாளர் வழக்குப் போட்டதால் படம் முடங்கி, பிரதி புத்தக நிறுவனத்தில் கிடந்தது. 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. ஓவியர் அக்பர் பதம்சீ 1969இல் எடுத்த 'ஈவன்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்' என்ற பரீட்சார்த்தப் படத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இருந்தது ஒரே பிரதி, அது தொலைந்துபோனது. படங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். நாலு ஊரில் நாலு பிரதி இருந்து, நாலு பேர் பார்த்துக்கொண்டே இருந்தால் அதுவும் பாதுகாப்புத்தான்.

எங்களுக்குச் சென்னை ஒரு ராத்திரி ரயில் பயணம். திருவனந்தபுரம் பக்கம்தான், களியக்காவிளை தாண்டினால் கேரளம். மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965இல் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தை அங்கேதான் தொடங்கினார்கள். இன்னொரு மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழு ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் காசு பிரித்து, 1986இல் 'அம்ம அறியான்' எடுத்து, அதை மறுபடி மக்களிடமே கொண்டுபோனது. தமிழிலும் படம் எடுத்த ஆள் அவர், நம் பக்கம் அந்த வழக்கம் ஏன் வேர் பிடிக்கவில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு. திருவனந்தபுரத்தில் நடக்கும் டிசம்பர் திரைப்பட விழாவுக்கு இங்கிருந்து பஸ் ஏறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வருடத்தில் ஒரு வாரம், அதுவும் பாஸ் கிடைத்து, ஆங்கில சப்டைட்டில் படிக்கத் தெரிந்தவர்களுக்கு. என் மனைவிக்கு அது எட்டாது.

ஆகவே நான் கேட்பது இதுதான். பழைய பெட்டிப் பாதையை நூலகங்கள் வழியாக மறுபடி போடுங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் நாங்கள் கட்டுகிறோம். அதில் புத்தகம் வாங்குவது போல, ஆண்டுக்குச் சில பரீட்சார்த்தப் படங்களுக்குத் திரையிடும் உரிமையையும் பொது நூலகத் துறை வாங்கலாம். பிலிம்ஸ் டிவிஷன் படங்களிலிருந்தே தொடங்கலாம், அவை நம் அரசாங்கத்தின் சொத்து. மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்திருக்கிறார்கள். பிரதிகளை அங்கே வைத்து, தென் மாவட்டங்களுக்கு முறைவைத்து அனுப்பட்டும். தணிக்கை விதிவிலக்கையும் துறையே ஒரே தடவையில் வாங்கிவிட்டால் ஒவ்வொரு கல்லூரியும் டெல்லிக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஓர் அறை வேண்டும். சொகுசு நாற்காலி வேண்டாம், விரிந்த சினிமாவுக்கு நாற்காலியே இடைஞ்சல். நல்ல இருட்டும் உயரமான கூரையும் போதும். மூடிக் கிடக்கிற முந்திரி ஆலைக் கட்டடங்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைப் பார்க்கலாம். சக்கர நாற்காலி போக வழி வைத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு படைப்புக்கும் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு வேண்டும், 'ரீல் டைம்' போன்றவற்றுக்குச் செய்முறையே தமிழில் வேண்டும், ஏனென்றால் அதில் ஊருக்கு ஊர் போவது பிலிம் அல்ல, செய்கிற விதம்தான். கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்களுக்கான வசதி பற்றி மத்திய அரசு 2024இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதன் நோக்கம் இங்கும் வர வேண்டும். ஒன்றை மறந்துவிடக் கூடாது: வெளிச்சம் விட்டு விட்டு அடிக்கும் படங்கள் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. டோனி கான்ராட்டின் 1966ஆம் ஆண்டுப் படமான 'தி ஃபிளிக்கர்' எச்சரிக்கை வாசகத்தோடுதான் தொடங்கும். வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று அவசரம். பிலிம் ஓட்டத் தெரிந்த ஆபரேட்டர்கள் டி.கே. ஏரியாவில் இன்னும் கொஞ்சம் பேர் உயிரோடு இருக்கிறோம். கை நடுங்காமல் ரீல் மாட்டத் தெரியும், பிரிண்ட் எங்கே அறும் என்று விரலால் தடவியே சொல்வோம். இளைஞர்கள் ஒருவருக்காவது இதைக் கற்றுக்கொடுக்காமல் நாங்கள் போய்விட்டால், பாரிஸிலிருந்து பிரிண்டே இலவசமாக வந்தாலும் பெட்டியைத் திறக்க ஆள் இருக்காது.

ஒரு பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட 16 எம்.எம். புரொஜெக்டர் ஒன்றை நான் வாங்கிச் சரிசெய்து வைத்திருக்கிறேன். பெல்ட் மாற்றியாகிவிட்டது, சவுண்டும் வருகிறது. பல்புக்குத்தான் அலைய வேண்டியிருக்கிறது. நூலகத் துறை ஓர் அறையைக் காட்டட்டும், புரொஜெக்டரோடு வருகிறேன். லென்ஸ் துடைப்பதில் தொடங்கி பிலிம் ஒட்டுவது வரை எத்தனை பிள்ளைகள் வந்தாலும் சொல்லித் தருகிறேன். சம்பளம் வேண்டாம். பல்பும் கரண்டும் அவர்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சினிமா ஆபரேட்டர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.